'அதான் சரியாயிடுச்சே' என்று சொல்கிறவர்களுக்கு



நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்று ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்காமலேயே 'அருமை டீச்சர்' என்று கமெண்ட் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடையை மட்டும் பார்த்து எழுதிய அதே ஆட்கள்தான். இன்று வழிமுறையையும் படியுங்கள்.

போன மாதம் கும்பகோணத்தில் எங்கள் உறவில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல் கைப்பையிலிருந்து என் மாத்திரையை எடுத்தேன். சின்ன நாத்தனார் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணி, இன்னுமா இந்த மாத்திரை? அதான் சரியாயிடுச்சே! ஆறு வருஷமா முழுங்கிட்டே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? நிறுத்திட்டு நிம்மதியா இருங்க" என்றாள். பக்கத்தில் இருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். ஒரு அம்மா, தனக்குத் தெரிந்தவர் ஒரு கஷாயத்திலேயே எல்லாவற்றையும் கரைத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் "பாசிட்டிவா நினைங்க டீச்சர், நினைப்புதான் நோய்" என்றார்.

என் நாத்தனார் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கீமோ நாட்களில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். நான் வாந்தியெடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவியவள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் கோபமெல்லாம் அந்த வார்த்தையின் மேல்தான். 'அதான் சரியாயிடுச்சே.' பாசத்தில் சொல்லப்படும் இந்த வார்த்தை நம் வீட்டுப் பெண்களை மாத்திரையை நிறுத்த வைக்கிறது, ரிவ்யூவுக்குப் போகாமல் தடுக்கிறது, வலியை வெளியே சொல்லவிடாமல் வாயை அடைக்கிறது. அதனால்தான் இன்று அதைத் திட்டப்போகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் ஓய்வு பெற்றேன். 2018 நவம்பரில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. மார்பகப் புற்றுநோய் என்றார்கள். டிசம்பரில் ஆபரேஷன், மார்பை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அக்குளில் இரண்டு நெறிகட்டிகளுக்கும் பரவியிருந்தது. பிறகு எட்டு கீமோ, அதன் பிறகு நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற ரேடியேஷன். 2019 ஆகஸ்ட் முதல் தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. ஐந்து வருஷம் முடிந்தபோது டாக்டர், "உங்களுக்கு நெறிகட்டியில் இருந்ததால் இன்னும் இரண்டு வருஷம் தொடரலாம்" என்றார். தொடர்கிறேன்.

ரேடியேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். எல்லோருக்கும் அன்றோடு கதை முடிந்தது. எனக்கு அன்றுதான் ஆரம்பித்தது. சிகிச்சை நடக்கும்போது யாராவது ஒருவர் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஊசி போட்டாள், டாக்டர் ஃபைலைப் புரட்டினார், ஏதோ ஒரு சண்டை நடக்கிறது என்ற தெம்பு இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, இனி மூன்று மாதம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு, இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பார்கள் என நினைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

இனி கணக்குக்கு வருவோம். டீச்சர் கணக்கில்லாமல் விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது முதல் நாள் கரும்பலகையில் ஒரு கோடு போடுவேன். இடது ஓரம் 0, அது இயலாத நிகழ்ச்சி. வலது ஓரம் 1, அது உறுதியான நிகழ்ச்சி. மற்ற எல்லாம் நடுவில். "மிஸ், நடுவுல இருந்தா நடக்குமா நடக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான். தெரியாதுடா, அதற்குத்தான் இந்தப் பாடம் என்றேன்.

நம் சொந்தக்காரர்களுக்கு நடு என்ற இடமே பிடிப்பதில்லை. ஒன்று 0, இல்லையென்றால் 1. ஒரு காலத்தில் புற்றுநோய் என்றாலே எல்லோரும் 1 போட்டுவிடுவார்கள், சாவு உறுதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, அந்த வேதனையிலேயே பாடுபட்டு 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா தன் ஆயுள் முழுவதையும் அங்கேயே செலவிட்டார். அப்படிப்பட்டவர்கள் உழைத்து உழைத்து அந்த 1-ஐக் கீழே இறக்கினார்கள். இறங்கியதும் நாம் என்ன செய்தோம்? நேராக 0-வில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டோம். 'சரியாயிடுச்சு' என்றால் 0 என்று அர்த்தம். எந்த டாக்டரும் எனக்கு 0 சொல்லவில்லை. சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள்.

உண்மை நிலவரம் இது. என்னுடையதுபோல ஹார்மோனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய் நீண்ட ஞாபகம் உள்ளது. முதல் கட்டியிலிருந்து எப்போதோ கிளம்பிப்போன சில செல்கள் எலும்பிலோ வேறு எங்கோ வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சிறியவை. 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஐந்து வருஷம் ஹார்மோன் மாத்திரையை முடித்து, அதுவரை நோய் திரும்பாமல் இருந்த 62,923 பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. அடுத்த 15 வருஷத்தில் உடம்பின் வேறு இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு, கட்டி சின்னதாக இருந்து நெறிகட்டியில் பரவாதவர்களுக்கு 13 சதவீதம். கட்டி பெரிதாக இருந்து நாலு முதல் ஒன்பது நெறிகட்டி வரை பரவியிருந்தவர்களுக்கு 41 சதவீதம். அவர்களெல்லாம் பல வருஷங்களுக்கு முன் சிகிச்சை எடுத்தவர்கள். இன்றைய சிகிச்சை இன்னும் மேலானது. ஆனால் 0 இல்லை. எல்லா வகையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டிரிபிள் நெகட்டிவ்' என்கிற வகை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருஷங்களில் திரும்பிவிடும். ஐந்து வருஷம் தாண்டினால் அந்த வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும்.

பயமுறுத்துகிறேன் என்று சொல்லாதீர்கள். 13 சதவீதம் என்றால் நூறு பேரில் 87 பேருக்கு வேறு இடத்தில் அது திரும்பவில்லை என்றும் அர்த்தம். 0-வும் பொய், 1-ம் பொய் என்கிறேன், அவ்வளவுதான். நான் நடுவில் எங்கோ இருக்கிறேன். அங்கே இருந்துகொண்டுதான் கோலம் போடுகிறேன், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிறேன், உங்களோடு சண்டையும் போடுகிறேன்.

இப்போது நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம்.

இரண்டு மாதத்துக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். தொண்ணூறுகளில் படித்தவள். பெயரும் ஊரும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நாற்பது வயதைத் தாண்டியதும் அவளுக்கும் இதே நோய். ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அவளுக்கு டமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தார்கள், ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் போட வேண்டும் என்று. ஒன்றரை வருஷம் போட்டாள். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், ராத்திரியில் புடவை நனைய வியர்க்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். மாமியார் சொன்னார், "அதான் சரியாயிடுச்சே, சூட்டு மாத்திரையை விட்டுத் தொலை." கணவர், "உனக்கு எது நல்லதோ பண்ணு" என்றார். பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்று ஒரு ரிவ்யூவை விட்டாள். அடுத்ததற்கு ஒரு கல்யாணம் வந்தது. அதற்கு அடுத்தது, "விட்டுட்டு எப்படிப் போறது, டாக்டர் திட்டுவாரோன்னு போகல டீச்சர். போனா புதுசா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னும் பயம்" என்றாள்.

பிறகு முதுகு வலி வந்தது. வாயு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள், பெல்ட் போட்டார்கள். எட்டு மாதம். "கேன்சர் வந்த உடம்பு, ஒரு தடவை காட்டிடலாமா?" என்று அவள் கேட்டதற்கு, "ஏன் எப்பப் பார்த்தாலும் அதையே நினைக்கிறே, அதான் சரியாயிடுச்சே" என்று பதில். எழுந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் அழைத்துப் போனார்கள். முதுகெலும்புக்கு வந்துவிட்டது.

இப்போது மறுபடி சிகிச்சையில் இருக்கிறாள். வலி குறைந்து நடக்கிறாள். இந்த நிலையிலும் வருஷக்கணக்கில் நன்றாக வாழ வைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எழுதுங்க டீச்சர். நீங்க எழுதினா எங்க செட்டு ஆளுங்க படிப்பாங்க. என் பேரை மட்டும் போடாதீங்க."

மாத்திரையை நிறுத்தியதால்தான் அவளுக்குத் திரும்பியது என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சிலருக்குத் திரும்புகிறது. ஒரு தனி ஆளை வைத்து நிகழ்தகவை நிரூபிக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஹார்மோன் வகை நோய் உள்ளவர்கள் ஐந்து வருஷம் டமாக்சிஃபென் போட்டால், அடுத்தடுத்த வருஷங்களில் இந்த நோயால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மாத்திரையின் விலை ஒரு டம்ளர் டீயின் விலைகூட இல்லை. அந்த எட்டு மாத வலியாவது அவளுக்கு மிச்சமாகியிருக்கும், அது உறுதி.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீடு முழுக்க 0 என்று சொல்லும்போது ஒருத்தி மட்டும் தனியாக நின்று நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

அந்த மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. டமாக்சிஃபெனை முதலில் தயாரித்தது 1962இல், இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில், டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர். தேடியது கருத்தடை மருந்து. அதற்கு அது உதவவில்லை. விட்டு எறியாமல் வைத்திருந்ததால் பிறகு லட்சக்கணக்கான பெண்களின் உயிருக்குத் துணையானது. ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய பூட்டில் இது முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. தூங்கும் செல்லுக்குச் சாப்பாடு போகாது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்றவை ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாவதையே குறைக்கின்றன. இதைத்தான் 'சூட்டு மாத்திரை' என்று குப்பையில் போடச் சொல்கிறோம்.

பக்க விளைவு பொய் என்று நான் சொல்லவில்லை. காலையில் எழுந்தால் என் விரல் மடங்காது. சாக்பீஸ் பிடித்த விரல்கள் காபி டம்ளரைப் பிடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. லெட்ரோசோல் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், அதனால் அதற்குரிய டெக்ஸா ஸ்கேன் எடுக்கிறேன், கால்சியமும் வைட்டமின் டி-யும் போடுகிறேன், தினமும் நடக்கிறேன். டமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கு அபூர்வமாகக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வரலாம், காலில் ரத்தம் கட்டலாம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு தெரிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது, வியர்வைக்கும் வலிக்கும் வைத்தியம் இருக்கிறது. நிறுத்துவதென்றாலும் டாக்டர் நிறுத்தட்டும். வளைகாப்புப் பந்தி நிறுத்த வேண்டாம்.

இதுவரை 0 போடுகிறவர்களைத் திட்டினேன். இனி இன்னொரு கூட்டம். 'நிச்சயத்தை' விலைக்கு விற்கிறவர்கள்.

நான்காம் வருஷம் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. "மேடம், நீங்க கேன்சர் சர்வைவர். வருஷா வருஷம் முழு உடம்பு பெட் ஸ்கேன், ரத்தத்துல கேன்சர் மார்க்கர் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் இருக்கு. எடுத்துட்டா நிம்மதியா தூங்கலாம்." என் அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து, "அத்தை, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க, நான் கட்டறேன்" என்றான். நல்ல பிள்ளை. என் டாக்டரிடம் கேட்டேன். தேவையில்லை என்றார். எனக்கே ஆச்சரியம். இவ்வளவு தூரம் வந்தால் கையால் தடவிப் பார்த்து, கேள்வி கேட்டு, மேமோகிராம் எழுதிக்கொடுத்து ஐந்து நிமிஷத்தில் அனுப்புகிறார். அவ்வளவு பெரிய மெஷின் வேண்டாமாம்.

காரணம் இருக்கிறது. 1994இலேயே இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் இதைப் பரிசோதித்துவிட்டன. சிகிச்சை முடிந்த பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான உடல் பரிசோதனையும் மேமோகிராமும். மறு பாதிக்கு அதோடு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவை குறித்த தேதிகளில், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கடைசியில் இரு பிரிவுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் பெட் ஸ்கேனும், சி.ஏ. 15-3, சி.இ.ஏ. போன்ற மார்க்கர்களும் வேண்டாம் என்று இன்றைய வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. இது நான் புரிவதற்காக வைத்த எண்கள், ஆராய்ச்சி எண்கள் என்று ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள். தொந்தரவே இல்லாத 1000 பெண்கள். உண்மையில் 10 பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது. ஒரு பரிசோதனை அந்தப் பத்தில் 9 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நல்லாயிருக்கும் 990 பேரில் நூற்றுக்குப் பத்து பேர் மேல் தவறாகச் சந்தேகம் காட்டுகிறது, அதாவது 99 பேர். மொத்தம் 108 பேருக்கு 'ஏதோ தெரிகிறது' என்று ரிப்போர்ட் வரும். அதில் நிஜம் 9. மீதி 99 பேர் ஊசி குத்தி, மறு ஸ்கேன் எடுத்து, தூக்கம் கெட்டு, கடன் வாங்கி, கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வார்கள். தப்பிய அந்த ஒருத்திக்கு 'ஒன்றுமில்லை' என்ற சீட்டு கையில் இருக்கும், அதை நம்பி அடுத்த வலியை அலட்சியம் செய்வாள். நிம்மதி விற்கும் கடையில் கிடைப்பது இதுதான். கஷாயக்காரர் 0-வைப் பாட்டிலில் விற்கிறார், இவர்கள் 0-வைப் பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள்.

ஸ்கேனே கூடாது என்று புரிந்துகொள்ளாதீர்கள். தொந்தரவு இருந்தால் எந்த ஸ்கேன் தேவையோ அதை உடனே எடுக்க வேண்டும். என் மாணவிக்கு எட்டு மாதம் முன்பே எடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

அப்படியானால் எதுதான் வேண்டும்? நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக முதல் மூன்று வருஷம், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிவ்யூ. நான்காம், ஐந்தாம் வருஷம் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. வருஷம் ஒருமுறை மேமோகிராம். ஒரு மார்பை எடுத்தவர்களுக்கு மறு மார்பில், ஏனென்றால் அங்கே புதிதாக ஒன்று வரவும் வாய்ப்புண்டு. உங்கள் டாக்டர் தேதியை மாற்றிச் சொன்னால் அதுதான் உங்கள் தேதி. மாத்திரை, டாக்டர் சொன்ன வருஷம் வரை. நடை, உடற்பயிற்சி, எடையைக் கட்டுக்குள் வைத்தல். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கினாலோ கனத்தாலோ உடனே காட்ட வேண்டும், அந்த வீக்கம் வருஷங்கள் கழித்தும் வரலாம்.

இரண்டு ரிவ்யூவுக்கு நடுவில் வரும் தொந்தரவுக்கு நான் வைத்திருக்கும் விதி: புதிதாக வந்தது, இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை, அல்லது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் போன் செய்கிறேன். எலும்பு வலி, விடாத இருமல், மூச்சு வாங்குதல், வழக்கத்தில் இல்லாத தலைவலி, காரணமில்லாமல் எடை குறைதல், தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதிய கட்டி, தோலில் தடிப்பு. கட்டியும் மஞ்சள் காமாலையும் காலில் திடீர் பலவீனமும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியவை அல்ல.

இந்த விதி என் டாக்டருக்குப் பயன்பட்டதைவிட எனக்குத்தான் அதிகம் பயன்பட்டது. ஜனவரியில் எனக்கு இடுப்பு வலி வந்தது. இரண்டு இரவு தூக்கமில்லை. மனசு நேராகச் சுடுகாடு வரை போய்விட்டு வந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்: 'இடது இடுப்பு, உட்கார்ந்து எழுந்தால் வலி.' பயத்துக்கு ஒரு தேதி கொடுத்துவிட்டேன், அதுவரை அது வெளியே பெஞ்ச் மேல் நிற்கட்டும் என்று. பன்னிரண்டாம் நாளும் வலி இருந்தது. போனேன், எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம். வயசான டீச்சருக்கு வர வேண்டிய நியாயமான வலி. அன்று நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அந்த எக்ஸ்ரே பையன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

பயம் போய்விட்டதா? இல்லை. ரிவ்யூவுக்கு முந்தின வாரம் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. பயப்படாதே என்று சொன்னால் அது போவதில்லை. உங்கள் முன்னால் வராது, அவ்வளவுதான். கொல்லைப்புறத்தில் போய் அழும். அதனால் தயவுசெய்து எங்களிடம் 'பயப்படாதே' என்றும், 'பாசிட்டிவா இரு' என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு நோய் திரும்பினால், 'நான் சரியாக நினைக்கவில்லை போலிருக்கிறது' என்று அந்தப் பழியையும் அவள் சுமக்க வேண்டுமா? நினைப்பால் வந்த நோயில்லை இது. சாதாரண மனுஷியாக அழுதுவிட்டு மாத்திரை போட்டால் மாத்திரை வேலை செய்யும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசாட்சி உறுத்தும். 'பொண்ணுக்கு வரன் பார்க்கணும், வெளியே சொல்லாதே.' எத்தனை வீட்டில் இந்த வார்த்தை! வெளியே சொல்லாதவள் எப்படி மாதாமாதம் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போவாள்? மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அந்தச் சில குடும்பங்களுக்குத்தான் விஷயம் தெரிவது மிக அவசியம். தங்கையும் மகளும் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளலாம். அந்த மரபணு அப்பா வழியாகவும் வரும் என்பதால் அத்தைக்கு என்ன நோய் என்று தெரியாமல் மறைப்பது மருமகளுக்குச் செய்கிற துரோகம். நான் மறைக்கவில்லை. என் மகளின் சம்பந்தி வீட்டாரிடம் நானே சொன்னேன். அவர்கள் மனிதர்களாக நடந்துகொண்டார்கள். நடந்துகொள்ளாதவர்கள் என்றால் அப்போதே தெரிந்ததும் நல்லதுதானே.

செலவைப் பற்றி. ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ ஏழைப் பெண்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. ரிவ்யூ என்று வரும்போது தடுப்பது பஸ் காசும், ஒரு நாள் கூலியும், துணைக்கு ஆள் இல்லாததும்தான். ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால், பரிசோதனைக்குப் போய்வரப் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. பலருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

என் மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு திட்டு. ரேடியேஷன் முடிந்த அன்று அந்த ஐந்து நிமிஷத்தைப் பத்து நிமிஷமாக்குங்கள். 'எல்லாம் முடிந்தது' என்று சொல்லாதீர்கள். வீட்டு ஆட்களையும் உள்ளே கூப்பிட்டு, 'இத்தனை வருஷம் மாத்திரை, இந்தத் தேதியில் ரிவ்யூ, இன்னின்ன தெரிந்தால் உடனே வரணும்' என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டு வருகிறவளைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்தே அடுத்த தடவையும் வராமல் போவாள். நானும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைத் திட்டித் திட்டிப் பள்ளிக்கூடத்துக்கே வராமல் பண்ணியிருக்கிறேன். அந்தத் தப்பை என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் முதல் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலேயே நிற்பார். "நீ போய்ட்டு வா, அதான் ஒண்ணுமில்லையே" என்பார். ஒருநாள் கேட்டேன், "ஒண்ணுமில்லைன்னா உள்ளே வர என்ன பயம்?" அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை உள்ளே வந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது. 'சரியாயிடுச்சு' என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ரிவ்யூ தேதியைக் காலண்டரில் வட்டம் போடுவது அவர் வேலை. திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஓட்டலில் ரவா தோசை சாப்பிடுகிறோம். அந்த வட்டம் போட்ட நாள் இப்போது பாதி பயம், பாதி தோசை.

ஆகவே, வீட்டுப்பாடம். இந்த வாரமே செய்ய வேண்டும். உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஒரு பெண் நிச்சயம் இருப்பாள். அவளிடம் 'அதான் சரியாயிடுச்சே' என்று சொல்ல நாக்கு எழுந்தால் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள். "அடுத்த ரிவ்யூ எப்போ?" "நானும் கூட வரட்டுமா?"

நாத்தனார் இதைப் படித்துவிட்டு, போன வாரம் போன் செய்தாள். டிசம்பர் ரிவ்யூவுக்கு அவளும் வருகிறாளாம். ரவா தோசைக்கு மூன்று பேர்.

நோய்த் தேதியை விட்டுவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நாளைக் காலை ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள். ரிட்டயர்டு டீச்சர், வேலை வெட்டி இல்லை, கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்